பூட்டைத் திறக்க எத்தனை கம்பி வேண்டும்?

ஆக்லாந்தின் தென்கிழக்கில் இருக்கும் பிளாட் புஷ், பெரும்பாலும் இந்த நூற்றாண்டில் எழுந்த குடியிருப்பு. அதற்கு முன் மேய்ச்சல் நிலம். மனுகாவ் தனி நகரமாக இருந்த காலத்தில் திட்டமிட்டுப் பிரித்த மனைகள். நடுவே விட்டிருக்கும் பெரிய பூங்காவுக்கு, அந்நகரின் மேயராக நெடுங்காலம் இருந்த பேரி கர்ட்டிஸின் பெயர். கிட்டத்தட்ட ஒரே காலத்தில் கட்டிய வீடுகள் என்பதால் வாசற்கதவின் பூட்டுகளும் ஒரே சாயலில் இருக்கின்றன. கைப்பிடியிலோ அதற்கு மேலேயோ ஒரு சின்ன உலோக வட்டம், அதில் செங்குத்தாக ஒரு கீறல், அதற்குள் போகும் பல்வெட்டிய தட்டைச் சாவி. மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து இங்கே குடியேறிய ஒருவருக்கு, சாவியில்லாமல் பூட்டைத் திறக்கப் பழகும் பொழுதுபோக்கில் ஆசை வந்தால், முதலில் கண்ணில் படுவது விற்பனைக்கு இருக்கும் கருவிப் பெட்டிதான். தோலுறையில் இருபது முப்பது கம்பிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒவ்வொரு வளைவு. எதை வாங்குவது என்ற கேள்விக்கு அந்தப் பெட்டி வைத்திருக்கும் பதில் ‘எல்லாவற்றையும்’ என்பது. பூட்டின் இயற்பியல் சொல்லும் பதில் வேறு. தொடங்குபவருக்கு மூன்று நான்கு கம்பி போதும். மிச்சக் காசைப் பூட்டு வாங்கச் செலவிடலாம். ஏன் அப்படி என்று தெரிய, அந்த உலோக வட்டத்துக்குள் போக வேண்டும்.

இந்த வகைப் பூட்டுக்குப் பின் டம்ளர் என்று பெயர். மரத்தில் செய்த இதன் மூதாதை பழைய எகிப்தில் இருந்தது; இன்றைய உலோக வடிவத்துக்கு அமெரிக்கரான லைனஸ் யேல் ஜூனியர் 1861இலும் 1865இலும் காப்புரிமை பெற்றார். சாவி நுழையும் உருளை ஒன்று, அதைச் சுற்றி அசையாத கூடு ஒன்று. இரண்டையும் ஊடுருவி வரிசையாக ஐந்தோ ஆறோ குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பித்தளைப் பின்கள், அவற்றை அழுத்த ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் பின் பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாக நின்று உருளையைத் திரும்ப விடாது. சரியான சாவி போனால், ஒவ்வொரு ஜோடியும் பிரியும் இடம் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வந்து நிற்கும், உருளை சுழலும். ஐந்து பின்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து உயரங்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் சாவிகள் சாத்தியம். ஒன்றொன்றாகப் போட்டுப் பார்க்க எவருக்கும் பொறுமை இருக்காது. காகிதத்தில் இந்தப் பாதுகாப்பு அசைக்க முடியாதது.

ஆனால் காகிதத்தில் இருக்கும் ஐந்து குழிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. பித்தளையில் துளைத்த குழிகள் அப்படி இருப்பதில்லை. எந்தத் தொழிற்சாலையிலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு பிசகும். உருளையை மெல்லத் திருக்கினால், அந்தப் பிசகு காரணமாக ஐந்து பின்களில் ஏதோ ஒன்று மட்டும் முதலில் கூட்டுக்கும் உருளைக்கும் இடையே நெரிபடும். மற்ற நான்கும் ஸ்பிரிங்கின் கீழ் தளர்வாக ஆடும். நெரிபட்ட பின்னைத் தேடிப் பிடித்து உயர்த்தினால், அது பிரியும் கோட்டை அடையும் கணத்தில் உருளை ஒரு மயிரிழை திரும்பி நிற்கும். மேல் பின் அந்த விளிம்பில் தங்கிவிடும். உடனே அடுத்த பின் நெரிபடும். முதலில் ஐந்தில் ஒன்றைத் தேடுகிறோம், பிறகு நான்கில் ஒன்றை, பிறகு மூன்றில். அதிகம் போனால் பதினைந்து தொடுகைகள். பெருக்கிக் கிடைத்த ஒரு லட்சம், கூட்டிக் கிடைத்த பதினைந்தாகச் சுருங்கிவிடுகிறது. பூட்டு தன் ரகசியத்தை மொத்தமாகக் காக்கிறது, தவணையில் கசியவிடுகிறது. கம்பியால் பூட்டைத் திறப்பவர் செய்வதெல்லாம் தொழிற்சாலையின் பிசகை விரலால் அளப்பதுதான். எனவே வாங்கும் கருவியையும் அளக்கும் கருவியாகவே மதிப்பிட வேண்டும்.

அப்படி மதிப்பிட்டால் கருவிகளின் தரவரிசை தலைகீழாகிறது. படங்களில் பெருமையாகக் காட்டப்படுவது நுனி வளைந்த பிக் கம்பிகள். உருளையைத் திருக்கப் பயன்படும் ‘ட’ வடிவத் தகடோ பெட்டியின் ஓரத்தில் இலவச இணைப்பாகக் கிடக்கும். டென்ஷன் கம்பி என்பார்கள். உண்மையில் அளவுகோல் அதுதான். உருளையின் விட்டம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர், ஆரம் 6. டென்ஷன் கம்பியின் நீளம் 60 மில்லிமீட்டர் என்றால் நெம்புகோல் விகிதம் பத்து மடங்கு. கம்பியின் முனையில் விரல் 100 கிராம் எடையை வைத்தால், உருளையின் விளிம்பில் நெரிபடும் பின்மேல் ஒரு கிலோ எடை விழுகிறது. விரல் கொஞ்சம் கனத்து 300 கிராம் ஆனாலே மூன்று கிலோ. உராய்வும் அதே அளவுக்கு ஏறும். பின் நகராது, பிக் வளையும், தொடங்கியவர் கருவி மட்டம் என்று முடிவு கட்டுவார். இந்த விகிதம் மறுபக்கமும் வேலை செய்கிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு பின் சரியாக அமரும்போது உருளையின் விளிம்பு 0.05 மில்லிமீட்டர் நகர்கிறது என்று கொள்வோம். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. டென்ஷன் கம்பியின் முனையில் அதே அசைவு அரை மில்லிமீட்டராகப் பெருகி வருகிறது. நல்ல வெளிச்சத்தில் தெரியும், விரல் நுனிக்குத் தெளிவாகத் தெரியும். கம்பி மெலிந்ததாகவோ மென்மையான இரும்பாகவோ இருந்தால் அந்த அரை மில்லிமீட்டரைத் தன் வளைவிலேயே விழுங்கிவிடும். பெட்டிகளில் வரும் முறுக்கிய டென்ஷன் கம்பிகளை, அழுத்தம் தானாகச் சீராக இருக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அவை விழுங்குவது இந்தச் செய்தியைத்தான்.

ஆகவே முதல் காசு போக வேண்டிய இடம் விறைப்பான, தட்டையான டென்ஷன் கம்பிகள். 1 மில்லிமீட்டர் தடிப்பில் ஒன்று, 1.3 மில்லிமீட்டரை ஒட்டி ஒன்று என இரண்டு போதும், ஏனென்றால் சாவித்துளைகளின் அகலம் பூட்டுக்குப் பூட்டு மாறும். தளர்வாக ஆடும் கம்பியால் எதையும் அளக்க முடியாது. இவற்றைச் சாவித்துளையின் எந்த முனையில் செருகுவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பின்களுக்கு எதிர்ப்பக்கத்தில் செருகினால், பிக் போக வேண்டிய குறுகலான வழியில் பாதியை அது அடைத்துக்கொள்ளும். பின்கள் இருக்கும் பக்கத்தின் வாயில் விளிம்பில் கவ்வக் கொடுத்தால் வழி திறந்திருக்கும், கம்பியும் தடிப்பாக இருக்கலாம். பெட்டிகளில் பெரும்பாலும் முதல் வகைதான் தருகிறார்கள்.

அடுத்து பிக். ஒவ்வொரு பின்னையும் தனித்தனியாகத் தொட ஒரு சின்னக் கொக்கி போதும். உயரமாகத் தூக்க வேண்டிய பின், தாழ்வாகத் தூக்க வேண்டிய பின்னுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் சற்று ஆழமான கொக்கி ஒன்றைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். தடிப்பைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். வழக்கமான பிக் 0.6 மில்லிமீட்டரை ஒட்டிய தகட்டில் வெட்டியது. நெளிந்து நெளிந்து போகும் குறுகிய சாவித்துளைகளுக்கு 0.38 மில்லிமீட்டரில் மெல்லிய வகை உண்டு. மெல்லியது எல்லாவற்றிலும் நுழையும் என்பதால் அதையே வாங்கலாமே என்று தோன்றும். ஒரு தகடு பக்கவாட்டில் வளையாமல் நிற்கும் திறன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 0.6இலிருந்து 0.38க்கு இறங்கினால் அந்தத் திறன் கால்வாசியாகிவிடும். பழகிய கை அதைத் தாங்கும், பழகாத கை நான்காம் பின்னைத் தொடுவதாக நினைத்து மூன்றாம் பின்னைத் தள்ளிக்கொண்டிருக்கும். தொடங்குபவர் தடித்ததை எடுத்துக்கொண்டு, அது தாராளமாக நுழையும் பூட்டைத் தேடிக்கொள்வதே நல்லது. உலோகம், வளைந்தாலும் மீளும் கடினமான துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். காரின் வைப்பர் ரப்பருக்குள் ஓடும் நீளமான எஃகுப் பட்டையை எடுத்து அரத்தால் ராவித் தாங்களே பிக்கும் டென்ஷன் கம்பியும் செய்துகொள்கிறவர்கள் உலகெங்கும் உண்டு. மழைக்குப் பஞ்சமில்லாத ஆக்லாந்தில் தேய்ந்த வைப்பருக்கும் பஞ்சமிருக்காது.

கைப்பிடியிலும் அறிவியல் இருக்கிறது. நம் விரல்தோலின் ஆழத்தில் பாசினி நுண்ணுறுப்புகள் எனப்படும் உணர்விகள் இருக்கின்றன; பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவர் பிலிப்போ பாசினி விவரித்தவை. நொடிக்கு 250 அதிர்வுகளை ஒட்டிய நிலையில் இவை மிகக் கூர்மையானவை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நடுக்கத்தையும் கண்டுகொள்ளும். பின் அமரும்போது எழும் ‘டிக்’ இவற்றுக்கான செய்திதான். தடித்த ரப்பர் உறை போட்ட கைப்பிடி இத்தகைய அதிர்வைத்தான் முதலில் மழுங்கடிக்கும். வெறும் எஃகைப் பிடித்து அரைமணி நேரம் உட்கார்ந்தால் விரல் வலிக்கும் என்பதும் உண்மைதான். மெல்லிய பிளாஸ்டிக் உறையோ உலோகக் கைப்பிடியோ அதற்குப் போதும். மெத்தென்று இருப்பதற்கு மதிப்பெண் போட்டு வாங்கக் கூடாது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மூன்று கம்பியைத் தனித்தனியாக வாங்கும் காசுக்கு முப்பது கம்பிப் பெட்டியே வருகிறதே, அதிகம் இருப்பதில் என்ன நஷ்டம்? நஷ்டம் காசில் இல்லை, காரணம் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. திறக்காத பூட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு முப்பது கம்பிகள் முப்பது சாக்குகள். ஒன்றை வைத்து இன்னொன்றை எடுப்பார். திருக்கும் அழுத்தம், பின்னின் வரிசை, கம்பியின் வடிவம் மூன்றும் ஒரே சமயத்தில் மாறும். எது தவறு என்று எப்போதும் தெரியாது. சோதனைக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றச் சொல்வது இதனால்தான். பெட்டியில் பாதி, அலையலையாக வெட்டிய ரேக் வகைக் கம்பிகள். இவற்றை உள்ளே விட்டு முன்னும் பின்னும் உரசினால், தளர்வாகச் செய்த மலிவுப் பூட்டுகள் சில நொடிகளில் திறந்துவிடும். அந்தக் கணம் தரும் உற்சாகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நான்காவது கம்பியாக ஒரு ரேக் இருக்கட்டும். ஆனால் அது திறந்த பூட்டு ஏன் திறந்தது என்று கைக்குத் தெரியாது, திறக்காத பூட்டிடம் அடுத்து என்ன செய்வது என்றும் தெரியாது. விசையைத் தட்டிப் பின்களை மேலே தெறிக்கவைக்கும் துப்பாக்கி போன்ற கருவியும் விற்கிறார்கள். கேரம் பலகையில் ஒட்டி நிற்கும் இரண்டு காய்களில் முதலாவதை அடித்தால் அது நின்ற இடத்தில் நிற்க, இரண்டாவது தெறித்து ஓடுவதுபோல், கீழ்ப் பின் நிற்க மேல் பின் மட்டும் துள்ளும் ஒரு கண இடைவெளியில் உருளை திரும்பிவிடும். இயற்பியல் அழகானது. கை கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை.

மிச்சக் காசைப் பூட்டுக்கு என்றேன். கண்ணாடிபோல் உள்ளே தெரியும் அக்ரிலிக் பூட்டு பெரும்பாலான பெட்டிகளோடு வரும். பொறி எப்படி இயங்குகிறது என்று ஒரு மாலைநேரம் பார்க்க அது உதவும்; அதற்குமேல் அதை வைத்துப் பழகினால் கெடுதல். குழிகள் தாறுமாறான தளர்வில் இருப்பதால் நெரிபடுவதன் உணர்வு மங்கலாக இருக்கும், தவிர விரல் செய்ய வேண்டிய வேலையைக் கண் பிடுங்கிக்கொள்ளும். பன்னிங்ஸ், மைட்டர் 10 போன்ற கடைகளில் தொங்கும் சாதாரணத் தொங்குபூட்டு இதைவிட நல்ல ஆசிரியர். மாஸ்டர் நிறுவனத்தின் 3ஆம் எண் பூட்டு, தகடுகளை அடுக்கிச் செய்தது, உள்ளே நான்கே பின்கள், தளர்வான பொருத்தம். உலகெங்கும் இந்தப் பொழுதுபோக்கில் நுழைகிறவர்களின் அரிச்சுவடி அது. அதற்கடுத்து பித்தளைத் தொங்குபூட்டு. பிறகு நியூசிலாந்து, ஆஸ்திரேலிய வீடுகளில் பரவலாக இருக்கும் லாக்வுட் வகைச் சிலிண்டர், அதாவது உருளையும் கூடும் சேர்ந்த பகுதி. கதவு மாற்றும்போது கழற்றிப் போட்ட பழைய சிலிண்டர்கள் டிரேட் மீ இணையச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். சிலிண்டர் வாங்கினால் இன்னொரு வசதி: உருளையை வெளியே தள்ளி, இரண்டு பின்களை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிடலாம். இரண்டு பின் பழகியதும் மூன்று, பிறகு நான்கு என்று கூட்டலாம். இதற்கு உருளையின் அதே விட்டத்தில் ஒரு மரக்குச்சி வேண்டும். உருளை வெளியே வர வர அது பின்னாலேயே உள்ளே போய் மேல் பின்களைத் தாங்கிப் பிடிக்கும். குச்சியில்லாமல் உருவினால் ஸ்பிரிங்குகள் அறை முழுக்கத் தெறிக்கும். பெட்டிகளில் அதிகம் காணக் கிடைக்காத இந்தக் குச்சி, என் கணக்கில் எட்டு ரேக்குகளைவிட மதிப்புள்ளது.

இந்தக் கருவிகளோடு ஊருக்குப் போய் அம்மா வீட்டுத் திண்டுக்கல் பூட்டின் முன் உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூட்டு வேறு இனம். அதற்குள் இருப்பவை லீவர்கள், அதாவது ஒரு முனையில் அச்சில் கோத்து அடுக்கிய தகடுகள். தொங்குபூட்டுகளின் முகத்தில் ‘6 லீவர்’, ‘7 லீவர்’ என்று பொறித்திருப்பது இவற்றின் எண்ணிக்கையை. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு. சாவியின் பல் எல்லாத் தகடுகளையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால் வெட்டுகள் ஒரே கோட்டில் வந்து தாழ்ப்பாளின் முளை கடந்து போக வழிவிடும். குறைவாகத் தூக்கினாலும் தப்பு, அதிகம் தூக்கினாலும் தப்பு. இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் 1778இல் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின் வழிவந்தது இது. திருப்பிவிட உருளை இங்கே இல்லை. அழுத்தத்தைத் தாழ்ப்பாளின்மேல் தர வேண்டும், அதற்கு உள்ளே ஆழமாகப் போய் வளையும் தடித்த கம்பி வேண்டும், தகடுகளைத் தூக்க அதோடு சேர்ந்து போகும் இன்னொரு கம்பி. தட்டையான ‘ட’ வடிவத் தகடு வாயிலிலேயே நின்றுவிடும். திண்டுக்கல் கைவினைஞர்கள் இதற்குமேல் மாங்காய் வடிவம், திறக்க முயன்றால் ஒலிக்கும் மணி என்று தங்கள் கைவரிசையையும் சேர்த்தார்கள். கருவி வேறானாலும் தத்துவம் மாறவில்லை: ஏழு தகடுகளில் ஒன்றுதான் முதலில் நெரிபடும். எந்தப் பூட்டு என்று முடிவு செய்யாமல் கருவி வாங்குவது ஏன் வீண் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

இந்தத் தத்துவத்தை ஊரறிய நிரூபித்தவர் அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்பிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்தவர், ஆங்கிலேயர் பெருமையாகக் கொண்டாடிய சப் நிறுவனத்தின் லீவர் பூட்டைச் சாட்சிகள் முன்னிலையில் 25 நிமிடத்தில் திறந்தார். லீவரை யாராவது அளவுக்குமேல் தூக்கினால் காட்டிக்கொடுக்கும் கூடுதல் பொறி கொண்ட பூட்டு அது. அடுத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்துப் பிராமா நிறுவனம் பல பத்தாண்டுகளாகக் கடை ஜன்னலில் வைத்திருந்த பூட்டு. அதற்கு அவருக்கு 16 நாட்களில் பரவிய 51 மணி நேரம் பிடித்தது. நிறுவனம் ஆட்சேபித்தது, நடுவர்கள் பரிசை அவருக்கே கொடுத்தார்கள். பூட்டின் பலவீனத்தை இப்படி வெளியே சொன்னால் திருடர்களுக்குப் பாடம் நடத்தியதாகாதா என்று அன்றே கேட்டார்கள். 1853இல் வெளிவந்த அவருடைய பூட்டு நூலில் அதற்குப் பதில் இருக்கிறது: திருட்டுத் தொழில் செய்பவர்கள் இதையெல்லாம் முன்பே அறிவார்கள், அறியாமல் இருப்பவர்கள் பூட்டை நம்பிக் காசு கொடுக்கிறவர்கள்தான் என்பது அதன் சாரம். இன்றும் அந்தப் பதில் நிற்கிறது என்றே நினைக்கிறேன். பிளாட் புஷ்ஷில் வீடு புகுபவருக்குத் திறந்துவிட்ட ஜன்னலும் தள்ளினால் நகரும் கண்ணாடிக் கதவும் இருக்கும்போது, குனிந்து உட்கார்ந்து ஐந்து பின்களை எண்ண நேரமிருக்காது.

அதற்காக ஆட்சேபத்தை முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. நியூசிலாந்தின் 1961ஆம் ஆண்டுக் குற்றச் சட்டம், 233ஆம் பிரிவில், வீடு புகும் நோக்கத்தோடு அதற்கான கருவியை வைத்திருப்பதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை வைத்திருக்கிறது. சட்டம் தேடுவது நோக்கத்தை. நோக்கத்தைச் சூழலிலிருந்துதான் ஊகிப்பார்கள் என்பதால், கம்பிகளைக் காரின் முன்பெட்டியில் போட்டுக்கொண்டு இரவில் சுற்றுவது புத்திசாலித்தனமல்ல. மேசை இழுப்பறையில் இருக்கட்டும். பழகுபவர்களிடையே உலகம் முழுக்க இரண்டு விதிகள் உண்டு: தனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடக் கூடாது, பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடக் கூடாது. இரண்டாவது விதிக்குப் பின்னால் இருப்பது அறமல்ல, பொறியியல். பின்கள் தேயும், ஸ்பிரிங் நசுங்கும், பாதி திரும்பிய உருளை சாவியையும் ஏற்காமல் சிக்கும். இரவு பத்து மணிக்குப் பூட்டுக்காரரைக் கூப்பிட வேண்டிவரும். வாடகை வீடு என்றால் இன்னும் மோசம். 1986ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி, மற்றவர் சம்மதமில்லாமல் குடியிருப்பவரும் பூட்டை மாற்றக் கூடாது, வீட்டுக்காரரும் மாற்றக் கூடாது. தனியாக ஒரு பயிற்சிப் பூட்டு வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்களை அழுத்தித் திறக்கும் மின்னணுப் பூட்டுகள் புதிய கதவுகளில் ஏறிக்கொண்டிருக்கின்றன, இனி இந்தக் கலை எதற்கு என்பார்கள். அவற்றில் பலவற்றில், பேட்டரி தீர்ந்தால் திறக்க ஒரு சாவித்துளை இருக்கிறது. அதற்குள் இருப்பது அதே யேல் பொறிதான். தவிர, சதுரங்கம் ஆடுகிறவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

அடுத்த கருவியை எப்போது வாங்குவது? பூட்டே சொல்லும். நடுத்தர விலைப் பூட்டுகளில் மேல் பின் நேரான உருளையாக இருக்காது. இடுப்பு ஒடுங்கி, நூல்கண்டு வடிவில் இருக்கும். அதை உயர்த்தும்போது உருளை சட்டென்று சில பாகை திரும்பி, திறந்துவிட்டதுபோல் பாவனை காட்டி நின்றுவிடும். பின்னின் ஒடுங்கிய இடுப்பில் விளிம்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது அந்தப் பின்னை இன்னும் தூக்கினால் உருளை பின்னோக்கித் திரும்பப் பார்க்கும், டென்ஷன் கம்பி விரலைத் திருப்பித் தள்ளும். இறுக்கிப் பிடித்தால் அங்கேயே நிற்கும். தளரவிட்டால் மற்ற பின்கள் எல்லாம் விழுந்துவிடும். தள்ளுகிற அளவுக்கு மட்டும் விட்டுக்கொடுத்து, இடுப்பைத் தாண்டி அடிப்பாகம் விளிம்புக்கு வந்ததும் மறுபடி தாங்க வேண்டும். இந்த இடத்தில் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களில் பலர் புதிய பிக் வாங்குகிறார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது சற்றே கூடுதல் தடிப்புள்ள, அந்தச் சாவித்துளையில் ஆடாமல் நிற்கும் இன்னொரு டென்ஷன் கம்பி.